ஏரும் துப்பாக்கியும் – 9: நைட் குடும்பத்தின் வழக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் விக்ஸ்பர்க் கோட்டை 1863 ஜூலை 4 அன்று சரணடைந்ததோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். கைதிகள் பரிமாற்றம் முடியும்வரை ஆயுதம் தொடுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தோற்ற தென்மாநிலச் சிப்பாய்களை வடக்குப் படை விட்டுவிட்டது. அவர்களில் பலர் முகாமுக்குத் திரும்பவே இல்லை. நேராக ஊரைப் பார்த்து நடந்தார்கள். அப்படி நடந்தவர்களில் ஒரு பகுதியினர் மிசிசிப்பி மாநிலத்தின் தென்கிழக்கில், லீஃப் ஆற்றங்கரைப் பைன் காடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்பே படையை விட்டு ஓடிவந்த விவசாயி ஒருவர் அங்கே தலைமறைவாக இருந்தார். பெயர் நியூட்டன் நைட்.

இவருடைய போர்க்கதை 2016இல் ஹாலிவுட் படமாகவே வந்துவிட்டது. அதனால் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் குடும்பத்துக்கு வந்துவிடுகிறேன். போர் நான்கே ஆண்டில் ஓய்ந்தது. இந்தக் குடும்பத்தின் வம்சாவளியோ 1948இல் கோர்ட்டு ஏறியது.

தாத்தாவிலிருந்து தொடங்குவோம். ஜான் நைட், ஊரார் வாயில் ஜாக்கி நைட். 1773இல் பிறந்தவர். ஜார்ஜியாவிலிருந்து மேற்கே நகர்ந்து வந்து மிசிசிப்பியில் நிலம் பிடித்த தலைமுறைக்காரர். ஜோன்ஸ் கவுண்டி என்ற நிர்வாக வட்டம் 1826இல்தான் உருவானது. அது பருத்திச் சீமை அல்ல, மணல் கலந்த நிலம். வானத்தை முட்டும் பைன் மரங்கள். மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட்டு, பன்றிகளைக் காட்டில் மேயவிட்டு வாழ்ந்த சனம். 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசிசிப்பி மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். ஜோன்ஸ் கவுண்டியில் அவர்கள் 12 சதவீதம். மாநிலத்திலேயே மிகக் குறைவு அங்கேதான்.

ஆனால் ஜாக்கி நைட் வீட்டில் அப்படியில்லை. கவுண்டியில் அதிக அடிமைகளை வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய மகன்களில் ஆல்பர்ட் மட்டும் வேறு மாதிரி. தன் நிலத்தில் தானே இறங்கிப் பாடுபட்டார். அடிமை என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. அப்பனுக்கும் மகனுக்கும் கொள்கை வேறுபாடா, வெறும் பணமுடையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். என் எண்ணம்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. சொந்தக் கையால் உழுகிறவனுக்கு, ஆள் வைத்து உழவைப்பவன் மேல் கொள்கை தன்னாலே பிறக்கும்.

ஆல்பர்ட்டின் மகன் நியூட்டன். பிறந்த ஆண்டு 1829 என்பாரும் 1837 என்பாரும் உண்டு. பிந்தியதே பொருந்தி வருகிறது. நெடிய உருவம். குடிப்பழக்கம் இல்லாதவர். பழைய கட்டுப்பாடுகளை விடாத பாப்டிஸ்ட் சபைக்காரர். 1858இல் செரீனா டர்னரை மணந்து, பக்கத்து ஜாஸ்பர் கவுண்டி எல்லையை ஒட்டித் தனிக்குடித்தனம் போட்டு விவசாயம் பார்த்தார். அப்பாவைப் போலவே அவரிடமும் அடிமைகள் இல்லை.

அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிவதா என்று முடிவுசெய்ய மிசிசிப்பி 1861 ஜனவரியில் மாநாடு கூட்டியது. பிரிவினை வேண்டாம் என்று வாக்குக் கேட்ட ஜான் பவல் என்பவரை ஜோன்ஸ் கவுண்டி தேர்ந்தெடுத்து அனுப்பியது. எதிராளியைவிட அவருக்கு வெகு அதிக வாக்குகள். இவ்வளவு தெளிவாக ஊர் சொல்லி அனுப்பியும், தலைநகர் ஜாக்சனுக்குப் போனதும் பவல் பிரிவினைக்கே வாக்களித்துவிட்டார். ஊரில் அவருக்குக் கொடும்பாவி கட்டினார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1921இல், ஒரு நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை நிருபர் தேடிவந்து பேட்டி எடுத்தபோதும் கிழவர் நியூட்டன் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஊர் பிரியமாட்டேன் என்று வாக்களித்தது. ஆகவே ஊர் பிரியவே இல்லை. பிரியாத ஊர்க்காரன் எப்படித் துரோகி ஆவான் என்பது அவருடைய வாதம். சட்டப்படி அது நிற்குமோ என்னவோ, நியாயப்படி பதில் சொல்வது கடினம்.

ஆனாலும் அவர் படையில் சேர்ந்தார். 1861 கோடையில் ஒருமுறை. அப்பாவின் உடல்நலம் மோசமானதால் 1862 தொடக்கத்தில் விடுப்பில் வந்தார். அந்த ஆண்டு ஆல்பர்ட் இறந்துபோனார். அதற்குள் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்துவிட்டது. எப்படியும் இழுத்துப்போவார்கள், தெரியாதவர்களோடு சாவதைவிட ஊர்க்காரர்களோடு இருப்பது மேல் என்று 1862 மே மாதம் கூட்டாளிகளோடு சேர்ந்து மிசிசிப்பியின் 7வது காலாட்படைப் பிரிவில் பெயர் கொடுத்தார். காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைப் பணிதான் செய்தேன் என்று பிற்காலத்தில் சொன்னார்.

அக்டோபரில் வந்த இன்னொரு சட்டம்தான் பொறுமையை உடைத்தது. 20 அடிமைகளும் அதற்கு மேலும் இருக்கும் தோட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை ஆணுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு. பணக்காரனின் சண்டைக்கு ஏழை சாகிறான் என்ற பேச்சு முகாம்களில் பரவியது. அதே மாதம் கொரிந்த் போரில் தென்மாநிலப் படை அடிவாங்கியது. ஊரிலிருந்து வந்த சேதிகளும் நல்லதாக இல்லை. ஆண்கள் இல்லாத வீடுகளுக்குள் சொந்தக் குதிரைப்படையே புகுந்து குதிரையையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு போனது. நவம்பரில் நியூட்டன் ஏறக்குறைய 200 மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தார். பிறகு பிடிபட்டார், சிறையில் அடித்ததாகவும் சொல்கிறார்கள். 1863 வசந்தத்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசே எடுத்துக்கொள்ளும் வரியும் வந்தது. அடுத்து விக்ஸ்பர்க் விழுந்தது. காட்டுக்குள் ஆள் பெருகியது.

ஓடிவந்தவர்களைப் பிடித்து அனுப்ப மேஜர் அமோஸ் மக்லெமோர் வந்தார். அவரும் உள்ளூர்க்காரர்தான். 1863 அக்டோபர் 5 இரவு எல்லிஸ்வில் ஊரில் அமோஸ் டீசன் வீட்டில் தங்கியிருந்தபோது யாரோ உள்ளே நுழைந்து அவரைச் சுட்டுக்கொன்றார்கள். நியூட்டன்தான் என்று ஊரே நம்பியது. அந்த வீடு இன்றும் இருக்கிறது. ரத்தக்கறை தரையில் திரும்பத் திரும்ப ஊறி வருகிறது என்ற பேய்க்கதையும் கூடவே இருக்கிறது. எட்டு நாளில், அக்டோபர் 13 அன்று, காட்டில் ஒளிந்திருந்தவர்கள் ஒரு படையாகத் திரண்டு நியூட்டனைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜாஸ்பர் காலின்ஸ் அவருக்கு அடுத்த நிலையில். ஆட்களைக் கூட்டுவதற்கும் எச்சரிப்பதற்கும் மாட்டுக்கொம்பு ஊதினார்கள். நியூட்டனிடம் கறுப்புக் கொம்பு ஒன்று இருந்தது. அதன் ஓசையை வீட்டுப் பெண்கள் தனியாக அடையாளம் கண்டுகொள்வார்களாம்.

அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் படை ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. தேடிவந்த குதிரைப்படை மோப்ப நாய்களை முன்னே விட்டது. பெண்கள் தடத்தில் மிளகாய்த்தூளைத் தூவினார்கள். சாப்பாட்டில் கண்ணாடித்தூள் கலந்து நாய்களுக்குப் போட்டதாகவும் கதை உண்டு. காட்டுக்குச் சோறு போன வழிகளில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும் நடக்கவில்லை. அடிமைகளும் நடந்தார்கள். அவர்களில் ஒருவர் ரேச்சல்.

1864 வசந்தத்தில் எல்லிஸ்வில் கோர்ட்டு வாசலில் நியூட்டனின் கூட்டம் அமெரிக்க ஒன்றியக் கொடியை ஏற்றியது. ஏப்ரலில் கர்னல் ராபர்ட் லோரி நாய்களோடும் தூக்குக்கயிற்றோடும் வந்தார். பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் நியூட்டனின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். லோரி பிற்பாடு மிசிசிப்பியின் ஆளுநராகி 1882 முதல் 1890 வரை இருந்தார். மாநில வரலாறு ஒன்றையும் எழுதினார். தூக்குக்கயிறு கொண்டுவந்தவரே வரலாற்றையும் எழுதினால் எப்படியிருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மிஞ்சியவர்கள் சதுப்பு நிலங்களில் பதுங்கி, 1865 வரை பிடிபடாமல் சமாளித்தார்கள்.

போர்க்கதை இவ்வளவுதான். இனி ரேச்சல்.

1840 வாக்கில் ஜார்ஜியாவில் பிறந்தவர். 1856 வாக்கில் தாத்தா ஜாக்கி நைட் அவரை மிசிசிப்பிக்குக் கொண்டுவந்தார். 1861இல் தாத்தா இறந்ததும் ரேச்சல் அவருடைய இன்னொரு மகனான ஜெஸ்ஸி டேவிஸ் நைட்டின் உடைமையானார். அதாவது நியூட்டனுக்குச் சித்தப்பா. ரேச்சலின் மூத்த பிள்ளைகள் வெளிர்நிறத்தோடு பிறந்தவர்கள். அவர்களுக்குத் தகப்பன் நைட் வீட்டு ஆண்களில் ஒருவர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சித்தப்பாவின் பெயரே அதிகம் அடிபடுகிறது. அந்தச் சித்தப்பா தென்மாநிலப் படையில் சேர்ந்து 1863இல் இறந்தார். அவர் சட்டையணிந்து போன படையை எதிர்த்துத்தான் அண்ணன் மகன் காட்டில் கொம்பு ஊதிக்கொண்டிருந்தார்.

விடுதலைக்குப் பிறகு ரேச்சல் பிள்ளைகளோடு நியூட்டனின் நிலத்துக்கே குடிவந்தார். அவருக்கும் நியூட்டனுக்கும் குழந்தைகள் பிறந்தன. அதே நிலத்தில் செரீனாவும் இருந்தார். அவருக்கும் ஒன்பது பிள்ளைகள். இரண்டு குடும்பம் வைத்துக்கொள்வது அந்நாளைய தெற்கில் புதுமையே இல்லை. ஒளிவுமறைவாக வைத்துக்கொண்டால் ஊர் கண்டும் காணாமல் போய்விடும். நியூட்டன் ஒளிக்கவில்லை. 1870களில் 160 ஏக்கரை ரேச்சல் பெயருக்கே எழுதிக்கொடுத்தார். அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் பெயரில் அந்நாளில் மிசிசிப்பியில் அவ்வளவு நிலம் இருந்தது அபூர்வம்.

போர் முடிந்ததும் வடக்குப் படை நியூட்டனிடம் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு பகிரும் பொறுப்பைக் கொடுத்திருந்தது. விடுதலை அறிவித்த பின்பும் பழைய எசமானர்கள் பிடித்துவைத்திருந்த குழந்தைகளை மீட்கவும் அவரை அனுப்பினார்கள். 1872இல் மத்திய அரசின் துணை மார்ஷல் ஆனார். 1875இல் ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ், பெரும்பாலும் கறுப்பர்களைக் கொண்ட ஜாஸ்பர் கவுண்டி காவல் படைக்கு அவரைக் கர்னலாக நியமித்தார். அந்த ஆண்டுத் தேர்தலை வெள்ளை ஆயுதக் கும்பல்கள் வன்முறையால் கைப்பற்றின. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு ஆட்சி கவிழ்ந்தது. நியூட்டன் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கித் தன் நிலத்துக்குள் முடங்கினார். தன் ஆட்களை ஒன்றியப் படைவீரர்களாக ஏற்று ஊதியம் தரவேண்டும் என்று வாஷிங்டனுக்கு 1870இல் தொடங்கி மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 1900இல் அதுவும் தள்ளுபடியானது.

நிலத்துக்குள் முடங்கிய பிறகுதான் ஊரால் தாங்க முடியாத காரியம் நடந்தது. 1878இல் செரீனா வயிற்றில் பிறந்த மகன் மேட், ரேச்சலின் மகள் ஃபேனியைக் கட்டிக்கொண்டார். அதே சமயம் செரீனாவின் மகள் மோலி, ரேச்சலின் மகன் ஜெஃப்ரியைக் கட்டிக்கொண்டார். நம் ஊரில் இதைப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். இங்கே கொடுத்த இடமும் எடுத்த இடமும் நிறக்கோட்டின் இரு பக்கம். மறுசீரமைப்பு ஆட்சி கலப்புமணத் தடையை நீக்கியிருந்ததால் அன்றைக்கு அது குற்றமில்லை. 1880இல் தடை திரும்ப வந்தது. 1890 மாநில அரசியலமைப்பின் 263ஆம் பிரிவு அதை இறுக்கிக் கட்டியது: எட்டில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கறுப்பர் ரத்தம் உள்ளவர் வெள்ளையரை மணக்கக் கூடாது.

சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற நைட்டுகள் உறவை அறுத்துக்கொண்டார்கள். ரேச்சல் 1889இல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே இறந்தார். பின்னர் ரேச்சலின் மூத்த மகள் ஜார்ஜியானுக்கும் நியூட்டன் மூலம் குழந்தைகள் பிறந்ததாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. இந்த இடத்தில் நியூட்டனைக் கதாநாயகனாக மட்டும் பார்க்கிறவர்கள் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். புரட்டக் கூடாது. செரீனா பிற்காலத்தில் கணவரை விட்டுப் போய்விட்டார். போன இடம்தான் வியப்பு. பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளைச் சொந்தங்களிடம் ஒண்டவில்லை. மகள் மோலியும் ரேச்சலின் மகன் ஜெஃப்ரியும் இருந்த வீட்டுக்குப் போனார். இத்தனைக்கும் செரீனா எழுதியதோ சொன்னதோ ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை.

வெள்ளையர் பள்ளியில் இடமில்லை. கறுப்பர் சமூகத்தோடும் முழுதாக ஒட்டவில்லை. குழந்தைகள் நடுவில் நின்றார்கள். ஜார்ஜியானின் மகள் அன்னா, 1874இல் பிறந்தவர், அக்கம்பக்கத்து வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேலை செய்துகொடுத்து அவர்களிடமிருந்து எழுத்துக் கற்றார். பத்திரிகை ஒன்றின் மூலம் கடிதத் தொடர்பு கிடைத்து, ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் செவிலியர் பயிற்சி முடித்துவிட்டு, 1898இல் ஊருக்கே திரும்பிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் மிரட்டியதால் கைத்துப்பாக்கியோடுதான் பள்ளிக்கு நடந்தார்.

அந்த அன்னா நைட் 1901இல் கடலேறி வந்தது நம் நாட்டுக்கு. கல்கத்தாவிலும், இன்று ஜார்க்கண்டில் இருக்கும் கார்மாட்டாரிலும் மருத்துவப் பணியும் பள்ளிப் பணியும் பார்த்தார். வங்காளச் சீர்திருத்தவாதி ஈசுவரசந்திர வித்யாசாகர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த அதே கார்மாட்டார்தான். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்த முதல் ஆள் இவர் என்கிறார்கள். இங்கே இருந்தபோது ஊரில் அவருடைய பள்ளியைக் கொளுத்திவிட்டார்கள். 1907இல் திரும்பிப் போய் மறுபடியும் பள்ளி நடத்தினார். 98 வயது வாழ்ந்தார். லீஃப் ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்று வங்காள மாகாணம் வரை வந்து போனது நம் வரலாற்றுப் புத்தகங்களில் எங்கும் ஏறவில்லை.

நியூட்டன் 1922 பிப்ரவரியில் இறந்தார். தம் நிலத்தின் மேட்டில் இருந்த குடும்பக் கல்லறையில், ரேச்சலுக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டார். பிறருக்காக வாழ்ந்தார் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதன்பிறகு அவரைப் பற்றிப் பேசும் உரிமை உறவினர்களுக்குப் போனது. 1930களில் செரீனாவின் மகன் டாம் நைட் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் நியூட்டன் ஏழைகளுக்காகப் போராடிய வீரர். ரேச்சல் பக்கத்து வாழ்க்கையை டாம் பூசி மெழுகிவிட்டார். வெள்ளையராகவே வாழ்ந்த அவருக்கு வேறு வழியும் இருந்திருக்காது.

அவர் எழுதாமல் விட்டதைச் சொல்லவைக்க ஒரு நாள் வந்தது. நியூட்டனுக்கும் ரேச்சலுக்கும் கொள்ளுப்பேரன் டேவிஸ் நைட். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். 1946இல் ஒரு வெள்ளைப் பெண்ணை மணந்தார். நீ வெள்ளையன் இல்லை, ஆகவே இந்தக் கல்யாணம் குற்றம் என்று மாநிலம் வழக்குப் போட்டது. 1948 டிசம்பரில் எல்லிஸ்வில் கோர்ட்டில் விசாரணை. எண்பதைத் தாண்டிய டாம் நைட் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறினார். புத்தகத்தில் எழுதாத ரேச்சலைப் பற்றி, கோர்ட்டில் அவர் நீக்ரோப் பெண் என்று சாட்சி சொன்னார். பேரன் முறையாகும் இளைஞனுக்கு ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். கொள்ளுப்பாட்டி ஒருவர் முழுக்கக் கறுப்பர் என்றால் கொள்ளுப்பேரனுக்கு எட்டில் ஒரு பங்கு. சட்டம் கேட்பதும் சரியாக அந்த எட்டில் ஒன்றுதான். ஆகவே வழக்கு முழுவதும், இறந்து அறுபது ஆண்டு ஆகிவிட்ட ரேச்சலின் ரத்தம் எவ்வளவு என்பதில் வந்து நின்றது. தலைமுடி எப்படி, நிறம் எப்படி என்று கிழவர்களைக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஆவணம் உண்டா என்றால் இல்லை. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கு என்று தனிப் பேரேடு போட்டார்கள். அதில் எசமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று கட்டங்கள். அடிமையின் பெயரை எழுதும் வழக்கமே இல்லை. அப்பா யார், அம்மா யார் என்ற கட்டமும் இல்லை. ரேச்சல் போன்றவர்கள் பெயரோடு கணக்கில் ஏறியது 1870இல்தான். அடிமைக்கு வம்சம் எதற்கு என்று அன்று கட்டத்தையே அடிக்காமல் விட்டார்கள். ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து அந்த வம்சத்தை மாநில அரசு கோர்ட்டில் நிரூபிக்க நின்றது.

நிரூபிக்க முடியவில்லை. 1949 நவம்பரில் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. டேவிஸ் வெள்ளையர் என்று அது சொல்லவில்லை. எட்டில் ஒரு பங்கு இருப்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கவில்லை என்று மட்டுமே சொன்னது. சட்டத்தை அது தொடவில்லை.

தீர்ப்பு குடும்பத்தை ஆற்றவில்லை. 1951இல் நியூட்டனின் உறவுக்காரரான எத்தல் நைட் ஒரு புத்தகம் போட்டார். அதில் நியூட்டன் கொலைகாரர், துரோகி, குலத்தைக் கெடுத்தவர். டாம் பூசி மெழுகியதையெல்லாம் எத்தல் வெளிச்சம் போட்டுக் காட்டினார், வெறுப்போடு. அடுத்த ஆண்டு அன்னா நைட் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். பள்ளியும் ஊழியமும் இந்தியாவும் அதன் பொருள். இரண்டு பக்கத்து ஆவணங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து எழுதும் வேலை 2001இல் விக்டோரியா பைனம் என்ற வரலாற்றாசிரியரின் நூலில்தான் ஒழுங்காக நடந்தது.

263ஆம் பிரிவுக்கு என்ன ஆயிற்று? 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இத்தகைய தடைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகும் மிசிசிப்பி தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வரியை எடுக்கவில்லை. 1987இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி எடுத்தார்கள். அப்போதும் வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் அது இருக்கட்டும் என்றார்கள்.

(தொடரும்)